கட்டைவிரல் சிப்பாய்க்கு ஒரு கொடிக்கம்பம்



ஓய்வு நேரத்தில் கையும் கண்ணும் சேர்ந்து செய்யக்கூடிய வேலைகளைப் பற்றி இந்தப் பகுதியில் பேசி வருகிறோம். தையல், பின்னல், மூங்கில் வேலை என்று நமக்குப் பழகியவற்றை விட்டு, இம்முறை சற்றுத் தொலைவாகப் போய்வருவோம்.

இங்கிலாந்தில் வளர்ந்த ஆண்களும் பெண்களும் மேசையைச் சுற்றி நின்று விளையாடும் ஒரு விளையாட்டு உண்டு. பொம்மைப் போர் என்று நாம் அதற்குப் பெயர் வைத்துக்கொள்ளலாம். கட்டைவிரலின் மேற்கணு அளவே உள்ள உலோகச் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் மேசைமேல் அணிவகுத்து நிற்பார்கள. அளவுகோலை வைத்து அவர்களை நகர்த்துவார்கள். பகடை உருட்டி, எந்தப் படை நின்றது, எந்தப் படை ஓடியது என்று தீர்ப்பார்கள். இன்று இந்த விளையாட்டு பல நாடுகளுக்கும் பரவிவிட்டது. நம் நாட்டுப் பட்டணங்களிலும் இளைஞர்கள் சிலர் இதில் இறங்கியிருக்கிறார்கள்.

"பொம்மைக்குப் போய் இவ்வளவு பாடா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். விளையாட்டில் உங்களுக்கு விருப்பம் இருக்கிறதோ இல்லையோ, அந்தச் சிப்பாயின் கையில் ஒரு கொடிக்கம்பத்தை நேராக நிறுத்துவது இருக்கிறதே, அது ஒரு நல்ல பொற்கொல்லர் வேலைக்குச் சமானம். கம்பி வெட்டுவது, துளை போடுவது, அரத்தால் ராவுவது, தாளை மடிப்பது, சாயம் பூசுவது என எல்லாம் அந்த ஐந்து சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. போரை மேசைமேல் நடத்திப் பார்க்கும் வழக்கத்தைப் பிரஷ்ய நாட்டு அதிகாரி ரைஸ்விட்ஸ் என்பவர் 1824இல் ஒழுங்குபடுத்தினார். அது படை அதிகாரிகளைப் பழக்குவதற்கான பாடம். வரைபடமும் சிறு கட்டைகளும்தான் அதில் இருந்தன. பின்னர் 1893இல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் உள்ளே கூடாக இருக்கும் உலோகச் சிப்பாய்களை வார்க்கத் தொடங்கியது. உலோகம் குறைவாகச் செலவானதால் விலையும் இறங்கியது. 1913இல் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் அந்தப் பொம்மைகளை வைத்து விளையாடும் விதிகளை 'லிட்டில் வார்ஸ்' என்ற சிறு புத்தகமாக எழுதினார். விசைப் பீரங்கியில் மரத்துண்டைச் சுட்டுப் பொம்மைகளை விழத்தட்டுவதுதான் அவருடைய போர். பெரிய போரைப்போல் மூடத்தனம் வேறில்லை, சண்டை போட்டே தீர வேண்டுமானால் இந்தச் சின்னப் போரோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்ற கருத்தையும் அவர் அதில் சொல்லிவைத்தார். மறு ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. யார் கேட்டார்கள்?

இப்போது நம் வேலைக்கு வருவோம்.

கடையில் வாங்கும் கொடி பிடித்த சிப்பாய்களில் ஒரு வகை, கம்பமும் சேர்ந்தே வார்க்கப்பட்டு வரும். வாங்கும்போது அழகாகத்தான் இருக்கும். இரண்டு முறை கையாண்டால் கம்பம் வளையும். நிமிர்த்தினால் மறுபடி வளையும். நான்காம் முறை கைக்கு மேலே முறிந்து விழும். இந்தப் பொம்மைகள் வெள்ளீயம் கலந்த மென்மையான உலோகத்தில் வார்க்கப்படுபவை. (நம் ஈப்போப் பக்கத்தில் வெறுமனே 'ஈயம்' என்று சொல்லிப் பழகிவிட்டோமே, அந்தக் கிந்தா பள்ளத்தாக்கு உலோகம்தான் வெள்ளீயம்.) சிப்பாயின் உடம்புக்கு அது போதும். மெல்லிய கம்பத்துக்கு அது ஆகாது. அனுபவம் உள்ளவர்கள் வார்ப்புக் கம்பத்தை வெட்டி எறிந்துவிட்டு, பித்தளை அல்லது எஃகுக் கம்பியைப் போடுவதன் காரணம் இதுவே. வேறொரு வகைச் சிப்பாய், வெறுங்கையோடு, விரல்களை வளைத்துப் பிடித்த நிலையில் வரும். நமக்கு அதுவே சிறந்தது.

கம்பம் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்? பலரும் தவறுவது இங்கேதான். கண்ணுக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று பனைமரம்போல நீட்டிவிடுகிறார்கள். அல்லது பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்று விளக்குமாற்றுக் குச்சியளவு குறுக்கிவிடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். உண்மையான கம்பம் எவ்வளவு இருந்தது என்று பார்த்து, கணக்குப் போட்டு வெட்டுவோம்.

நெப்போலியன் காலத்து பிரிட்டிஷ் காலாட்படையை எடுத்துக்கொள்ளுங்கள். பொம்மைப் போர்க்காரர்கள் அதிகம் விரும்பிச் செய்யும் படை அது. 1768ஆம் ஆண்டு அரச ஆணை கொடியின் அளவை எழுதியே வைத்துவிட்டது. ஈட்டி முனையும் அடிப்பூணும் சேர்த்துக் கம்பம் 9 அடி 10 அங்குலம். கொடித் துணி கம்பத்தை ஒட்டி 6 அடி, பறக்கும் பக்கம் 6 அடி 6 அங்குலம். நம் லயத்து வீட்டுக் கதவை நிலையிலிருந்து கழற்றிப் பாருங்கள். கொடித் துணி ஏறக்குறைய அந்த உயரம், அகலமோ கதவைவிட இரண்டு மடங்கு. அதைப் பத்தடிக் கம்பத்தில் கட்டிக் காற்றில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். தூக்குபவர் 'என்சைன்' என்ற கடைசிப் படி அதிகாரி. பெரும்பாலும் மீசை அரும்பாத பையன்கள்தாம் அந்தப் பதவியில் இருந்தார்கள். ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் இரண்டு கொடிகள். ஒன்று அரசர் கொடி, மற்றொன்று அந்தப் பிரிவின் சொந்தக் கொடி.

எதிரி துப்பாக்கிகள் முதலில் குறிபார்ப்பது அந்தக் கொடியைத்தான். புகை மண்டிய களத்தில் தன் படை எங்கே நிற்கிறது என்று சிப்பாய்க்குக் காட்டும் அடையாளம் அது ஒன்றுதான். கொடி விழுந்தால் வரிசை கலையும். 1811ஆம் ஆண்டு மே 16ஆம் நாள், ஸ்பெயின் நாட்டு அல்புவேரா களத்தில், பெருமழையின் நடுவே போலந்து ஈட்டிக் குதிரைவீரர்கள் பிரிட்டிஷ் மூன்றாம் படைப்பிரிவின்மேல் பாய்ந்தார்கள். அரசர் கொடியைப் பிடித்திருந்த லெப்டினன்ட் மாத்தியூ லாதமை வளைத்துக்கொண்டார்கள். முகத்தில் வெட்டு விழுந்தது. ஒரு கை துண்டானது. அவர் கொடித் துணியைக் கம்பத்திலிருந்து கிழித்துத் தம் சட்டைக்குள் திணித்துக்கொண்டு விழுந்தார். கொடியும் தப்பியது, வியப்பு என்னவென்றால், அவரும் பிழைத்தார்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நீங்கள் வெட்டப்போகும் அந்த ஐந்து சென்டிமீட்டர் கம்பி ஏதோ அலங்காரக் குச்சி அல்ல. அதன் அளவில் அந்தப் பையன் சுமந்த பாரம் தெரிய வேண்டும். ஆளைவிட உயரமாக, ஆளை மறைக்கும் துணியோடு அது நின்றால்தான் அந்தப் பொம்மை உண்மை பேசும்.

கணக்கு சுலபம். இன்று பரவலாக விற்கும் சிப்பாய் 28 மில்லிமீட்டர் அளவு எனப்படுகிறது. ஐந்தரை அடி மனிதனை 28 மில்லிமீட்டரில் அடக்கினால் அறுபதில் ஒரு பங்கு. ஆகவே எதையும் 60ஆல் வகுத்தால் போதும். 9 அடி 10 அங்குலம் என்பது 2,997 மில்லிமீட்டர், வகுத்தால் 50. கொடி 33க்கு 30 மில்லிமீட்டர். அவ்வளவுதான். ஆனால், செய்பவருக்குச் செய்பவர் பொம்மையின் உயரம் சற்று மாறும். ஆகவே கம்பியை வெட்டுமுன் உங்கள் சிப்பாயின் பக்கத்தில் அளவுகோலை நிறுத்திப் பாருங்கள். 15 மில்லிமீட்டர்ச் சிப்பாய் வைத்திருப்பவர்கள் இந்த அளவுகளில் பாதியைவிடச் சற்றே கூட்டிக்கொள்ளலாம்.

பிரெஞ்சுப் படைக்கு இதே கொடியைச் செய்துவிடாதீர்கள். நெப்போலியன் 1804இல் தம் படைகளுக்குக் கம்பத்தின் உச்சியில் வெண்கலக் கழுகை வைத்துக் கொடுத்தார். மரியாதை எல்லாம் அந்தக் கழுகுக்குத்தான். கீழே கட்டிய துணி 80 சென்டிமீட்டர்ச் சதுரம். நம் கணக்கில் 13 மில்லிமீட்டர்தான் வரும். பிரிட்டிஷ் கொடிக்குப் பக்கத்தில் கைக்குட்டைபோல் தெரியும். தெரியட்டும், அதுதான் சரி. அந்தக் கழுகுகளில் இரண்டை 1815இல் வாட்டர்லூ களத்தில் பிரிட்டிஷ் குதிரைப்படை பறித்தது. அவற்றுள் ஒன்றை சார்ஜன்ட் சார்ல்ஸ் யூவர்ட் பிடித்தார். அது இன்றும் எடின்பரோ கோட்டையில் இருக்கிறது.

கம்பி எது? 1 மில்லிமீட்டர்ப் பித்தளைக் கம்பி புதியவர்களுக்கு ஏற்றது. உண்மையான கம்பத்தின் பருமனை 60ஆல் வகுத்தால் அரை மில்லிமீட்டர்தான் வரும். ஆனால் பொம்மையின் கைகளே உடம்புக்குப் பெரியவையாக வார்க்கப்படுகின்றன, அரை மில்லிமீட்டர்க் கம்பி அந்தக் கையில் தையல் ஊசிபோல் இருக்கும். உறுதியும் இராது. பித்தளையைவிட எஃகு வலுவானது. பியானோக் கம்பி என்று பொழுதுபோக்குப் பொருள் கடைகளில் விற்பார்கள். அது வளைந்தாலும் தானே நிமிர்ந்துகொள்ளும். வெட்டுவதுதான் கடினம்.

வீட்டில் கிடைப்பதை வைத்துச் செய்ய முடியாதா என்றால், முடியும், ஓரளவுக்கு. சைக்கிள் சக்கரக் கம்பி 2 மில்லிமீட்டர்; 60ஆல் பெருக்கினால் 12 சென்டிமீட்டர்ப் பருமன் வருகிறது. அது கொடிக்கம்பம் அல்ல, பந்தக்கால்! சட்டை மாட்டும் கம்பியும் அப்படியே. சாத்தே குச்சியைக் கத்தியால் சீவி, உப்புத்தாளில் உருட்டி மெலிவாக்கினால் நன்றாகவே இருக்கும். மரம் என்பதால் சாயமும் நன்கு பிடிக்கும். ஆனால் ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டென்று முறியும். தென்னை ஈர்க்கு நாள்பட நாள்பட உலர்ந்து கோணும். பழகிப் பார்ப்பதற்கு ஈர்க்கு போதும். நிலைத்து நிற்க வேண்டுமானால் உலோகம்தான்.

வெட்டும்போது மிக மிகக் கவனம். எஃகுக் கம்பியின் வெட்டிய துண்டு தோட்டாபோலப் பறக்கும். கண்ணாடி அணியுங்கள். கம்பியின் இரு முனைகளையும் பிடித்துக்கொள்ளுங்கள், அல்லது வெட்டும் இடத்தை ஒரு பழந்துணியால் மூடிக்கொண்டு வெட்டுங்கள். குழந்தைகள் எதிரில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டாம். அம்மாவின் தையல் கத்திரிக்கோலைத் தொடவே கூடாது; வாய் போய்விடும், பிறகு வீட்டில் நடக்கும் போருக்கு விதிப் புத்தகம் கிடையாது. சாதாரண வெட்டுக்குறடும் எஃகில் பள்ளம் விழுந்து கெடும். முக்கோண அரத்தால் சுற்றிலும் ஒரு கோடு ராவிவிட்டு, இரண்டு குறடால் பிடித்து முறிப்பது நல்ல வழி. பித்தளைக்கு இந்தத் தொல்லை இல்லை.

சிப்பாயின் காலடிப் பீடத்துக்குள் இறங்குவதற்காக 3 மில்லிமீட்டரும், வேலையில் குறையும் என்று இன்னும் 2 மில்லிமீட்டரும் கூட்டி, 55 மில்லிமீட்டராக வெட்டிக்கொள்ளுங்கள். கம்பி கோணலாக இருந்தால் இரண்டு தட்டையான பலகைகளுக்கிடையே வைத்து, அழுத்தி உருட்டுங்கள். முறுக்குமாவு உருட்டுவதுபோல. பித்தளை நேராகிவிடும்.

அடுத்து, கையில் துளை. பொறுமையைச் சோதிக்கும் இடம் இதுதான். மின்சாரத் துளைப்பான் வேண்டாம், அதன் வேகத்தில் மெல்லிய உலோகம் பிய்ந்துவிடும். விரலால் திருகும் சிறு துளைப்பானும் இரண்டு ஊசிகளும் போதும், 0.6 மில்லிமீட்டரில் ஒன்று, 1.1 மில்லிமீட்டரில் ஒன்று. வார்ப்புக் கம்பம் இருந்தால் கைக்கு மேலும் கீழும் ஒட்ட நறுக்கி, அரத்தால் சமன் செய்யுங்கள். குண்டூசியால் நடுவில் ஒரு புள்ளி குத்துங்கள். புள்ளி இல்லாமல் தொடங்கினால் ஊசி வழுக்கும். சிறிய ஊசியால் மேலிருந்து பாதி, கீழிருந்து பாதி துளைத்து நடுவில் சந்திக்க வையுங்கள். ஒரே பக்கத்திலிருந்து துளைத்துக்கொண்டே போனால் வெளிவரும் இடம் சிப்பாயின் மணிக்கட்டாக இருக்கும்! இந்த உலோகம் ஊசியின் பள்ளங்களில் அப்பிக்கொள்ளும். இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை ஊசியை வெளியே எடுத்துத் துடையுங்கள். நுனியில் சிறிது சவர்க்காரம் தடவினால் இலகுவாக இறங்கும். பிறகு பெரிய ஊசியால் அகலப்படுத்துங்கள்.

இந்த இடத்தில் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. இன்று விற்கும் பொம்மைகளில் பல காரீயம் சேராதவை. ஆனால் 1990களுக்கு முன் வார்த்தவற்றில் காரீயம் கலந்திருப்பது சாதாரணம். கைமாறிக் கைமாறி இன்றும் அவை விற்பனைக்கு வருகின்றன. காரீயத் தூள் உடம்புக்குள் போவது யாருக்கும் நல்லதல்ல. சிறு குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் அது மிகப் பெரிய கேடு. குழந்தையின் மூளை வளர்ச்சியையே அது பாதிக்கும். ஆகவே துளைப்பதும் ராவுவதும் சமையற்கட்டில் கூடாது, சாப்பாட்டு மேசையிலும் கூடாது. ஒரு பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் செய்யுங்கள். முடிந்ததும் தூளோடு மடித்துக் கட்டிக் குப்பையில் போடுங்கள். விளக்குமாற்றால் பெருக்கினால் தூள் கிளம்பும், ஈரத்துணியால் துடையுங்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் ஒரு பிஸ்கட் துண்டைக்கூடத் தொட வேண்டாம். பழைய பொம்மையின்மேல் திருநீறு பூசியதுபோல் வெள்ளைப்பொடி தெரிந்தால் அது காரீயம் அரித்து வந்த பொடி. அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே வேண்டாம்.

கம்பத்தின் உச்சிக்கு ஈட்டி முனை வேண்டுமே! தனியாகவும் விற்கிறார்கள். நீங்களே செய்வதில்தான் சுவை. பித்தளைக் கம்பியின் நுனியில் 4 மில்லிமீட்டரை இரும்புக் கட்டிமேல் வைத்துச் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். நுனி தட்டையாக விரியும். தட்டத் தட்டப் பித்தளை இறுகி விளிம்பில் வெடிக்கப் பார்க்கும். அப்போது நிறுத்தி, அடுப்புத் தீயில் மங்கிய சிவப்பாகும்வரை குறடால் பிடித்துக் காட்டி, ஆறவிட்டால் மறுபடி இளகிவிடும். பிறகு அரத்தால் இருபுறமும் ராவி, மாவிலை வடிவம் கொண்டு வாருங்கள். நுனியை மட்டும் கூராக்காதீர்கள். மேசைமேல் குனிந்து, எட்டிச் சிப்பாய்களை நகர்த்தும் விளையாட்டு இது. அந்த உயரத்தில் நிமிர்ந்து நிற்கும் எஃகு முனை உள்ளங்கையில் ஏறும், கண்ணிலும் ஏறலாம். உப்புத்தாளில் தேய்த்து நுனியை மழுக்கி, ஒரு துளி பசை வைத்து உருண்டையாக்கிவிடுங்கள். பார்வைக்கு வேறுபாடு தெரியாது.

இனிக் கொடி. முன்பெல்லாம் பற்பசைக் குழாயை வெட்டி விரித்து அந்தத் தகட்டில்தான் செய்தார்கள். இப்போது பற்பசை பிளாஸ்டிக் குழாயில் வருகிறது. பள்ளிப் பயிற்சிப் புத்தகத்தின் தாளே போதும். தடித்த அட்டை ஆகாது, மடிப்பு விழாது. 30 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு பட்டை வெட்டுங்கள். நீளம் 33, கம்பத்தைச் சுற்றிவர 3, மறுபக்கம் 33 என மொத்தம் 69. அதாவது கொடியின் இரு முகங்களும் ஒரே பட்டையில், நடுவே கம்பம்.

சாயத்தைத் தட்டையாக இருக்கும்போதே பூசிவிடுவது நலம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பிரிட்டிஷ் கொடியில் குறுக்காக ஓடும் சிவப்புப் பட்டை அயர்லாந்தைக் குறிக்கும். அது 1801இல்தான் சேர்ந்தது. அமெரிக்கச் சுதந்திரப் போர்ச் சிப்பாய் கையில் அந்தச் சிவப்புக் குறுக்குப் பட்டை இருந்தால் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். 1803 செப்டம்பர் 23இல் நடந்த அசாயே போருக்கு அது இருந்தாக வேண்டும். (அந்தப் போரில் வெல்லெஸ்லியின்கீழ் நின்றவர்களில் பெரும்பாலோர் சென்னைப் படைச் சிப்பாய்கள், நம் முன்னோர் ஊர்க்காரர்கள் பலர் அதில் இருந்தார்கள். கம்பெனியின் அந்தப் படைப்பிரிவுகளும் இரண்டு இரண்டு கொடி பிடித்தன. இவர்களுக்கும் பொம்மைகள் வார்த்து விற்கிறார்கள், வாங்குகிறவர்கள் குறைவு.) இன்னொன்று: கம்பத்தை ஒட்டிய பாதியில், சிவப்புக் குறுக்குப் பட்டைக்கு மேலே அகல வெள்ளை வர வேண்டும். பட்டையின் இரு முகங்களிலும் கம்பம் நடுவில்தான் இருக்கிறது என்பதை மறந்து, ஒரு முகத்தை அப்படியே நகல் எடுத்து ஒட்டினால் மறுமுகம் தலைகீழாகிவிடும். ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமாக வரையுங்கள். கணினியில் அச்சடித்த கொடி பயன்படுத்துபவர்கள், பசை பட்டு மை கரையாமலிருக்க முதலில் மெல்லிய வார்னிஷ் தெளித்துக்கொள்ளவும்.

பட்டையின் உட்புறம் முழுவதும், ஓரம் விடாமல், வெள்ளைப் பசையை மெலிதாகத் தடவுங்கள். கம்பத்தை நடுவில் வைத்து மடித்து, ஓரங்களை ஒன்றோடொன்று பொருத்துங்கள். பசை காய்வதற்கு முன்பே துணியின் நெளிவைக் கொண்டுவந்துவிட வேண்டும். காய்ந்தபின் மடித்தால் வெடிக்கும். பெரும்பாலோர் தூரிகைக் காம்பில் சுற்றி, தகரக் கூரைபோல நேர்நேராக நெளிவு வைக்கிறார்கள். அது பார்க்கக் கொடிபோல இராது. கோயில் கொடியேற்றத்தில் காற்று ஓய்ந்த நேரத்தில் துணியைக் கவனித்திருக்கிறீர்களா? துணியின் பாரம் முழுவதும் கம்பத்தை ஒட்டிய மேல் மூலையில் தொங்கும். ஆகவே மடிப்புகள் அந்த மூலையிலிருந்து சாய்வாகக் கீழ்நோக்கி ஓடும். வெளி மூலை தணிந்து விழும். அந்தச் சாய்வை விரலால் கொடுங்கள், இரண்டோ மூன்றோ மடிப்பு போதும். பக்கத்தில் நிற்கும் மற்றொரு கொடியும் அதே திசையில் சாயட்டும். ஒரே களத்தில் இரண்டு காற்று வீசாது.

காய்ந்ததும் ஓரத்தில் வெள்ளைத் தாள் கோடு தெரியும். அதே நிறச் சாயத்தை ஓரமெங்கும் இழுத்துவிட்டால் தாள் துணியாகிவிடும். இந்த ஒரு காரியத்தைச் செய்யாமல் விடுபவர்கள்தான் அதிகம். மடிப்பின் பள்ளங்களில் சற்று இருண்ட சாயமும் மேடுகளில் சற்று வெளுத்த சாயமும் வையுங்கள்.

ஈட்டிக்குக் கீழே சிவப்பும் பொன்னும் கலந்த கயிறும் குஞ்சமும் தொங்க வேண்டும். பழைய மின்கம்பியைப் பிரித்தால் தலைமயிர்போன்ற செம்பு இழைகள் கிடைக்கும். இரண்டை முறுக்கினால் கயிறு. நுனியில் ஒரு முடிச்சு, அதன்மேல் ஒரு துளி பசை, அதுவே குஞ்சம். நூலிலும் செய்யலாம், நூலில் பிசிர் தெரியும், தொங்கும்போது பாரமும் தெரியாது.

கம்பத்துக்குச் சாயம் பூசுமுன் அதை உப்புத்தாளால் கீறி, அடிச்சாயம் ஒன்று கொடுங்கள். வழுவழுப்பான உலோகத்தில் சாயம் நிற்காமல் உரிந்துவிடும். பிரிட்டிஷ் கம்பத்துக்கு மரநிறம், பிரெஞ்சுக் கம்பத்துக்கு நீலம்.

ஜப்பானியச் சாமுராய்ப் படை செய்பவர்களுக்குக் கம்பம் ஒன்று போதாது. துணியை விறைப்பாக நிறுத்த மேலே ஒரு குறுக்குக் கம்பி உண்டு. ஒரே பித்தளைக் கம்பியைத் தலைகீழ் 'ட' போல வளைத்தால் முடிந்தது வேலை. ரோமானியருக்குக் குறுக்குக் கட்டையிலிருந்து துணி நேராகத் தொங்கும். கம்பியைக் கம்பியோடு வெறும் பசையால் ஒட்டினால் நிற்காது. செம்பு இழையால் இரண்டையும் சேர்த்துக் கட்டி, அதன்மேல் பசை விடுங்கள். கட்டே அலங்காரமாகவும் அமைந்துவிடும்.

எல்லாம் காய்ந்தபின், சிப்பாய்க்கும் தனியாகச் சாயம் முடிந்தபின்தான் கம்பத்தைக் கையில் ஏற்ற வேண்டும். கொடி வைத்துவிட்டால் முகத்துக்குத் தூரிகை போகாது. கம்பத்தின் அடியைப் பீடத்தில் போட்ட துளைக்குள் இறக்கி, கையிலும் பீடத்திலும் ஆக இரண்டு இடத்தில் ஒட்டுங்கள். ஒரே இடத்தில் ஒட்டினால் சுழலும். உடனே ஒட்டும் பசையைவிட, இரண்டு குழாயைக் கலந்து ஒட்டும் அரால்டைட் இதற்கு மேல்; இரவு முழுவதும் அசையாமல் விட்டுவிடுங்கள். அதன்பின் சிப்பாயை எப்போதும் பீடத்தைப் பிடித்தே தூக்குங்கள். வீட்டுக்கு வரும் விருந்தாளி முதலில் பிடிப்பது கொடிக்கம்பத்தைத்தான்; அவருக்கும் சொல்லிவையுங்கள். வைக்கும் பெட்டி 7 சென்டிமீட்டர் உள்ளுயரம் இருந்தால் போதும். நம் ஊர் ஈரக்காற்றில் தாள் பூஞ்சை பிடிக்கும் என்பதால் கொடிக்கு இரண்டு முறை வார்னிஷ் பூசி, பெட்டிக்குள் ஒரு சிறு துணிமுடிச்சில் உலர்ந்த அரிசி கட்டிப் போட்டு, மாதம் ஒருமுறை மாற்றிவாருங்கள்.

சிப்பாய் நிற்கும் பீடத்தில் மண்ணும் புல்லும் அமைப்பதை அடுத்த இதழில் பார்ப்போம். ஆற்று மணலைச் சலித்து, கழுவி, வெயிலில் காயவைத்து ஒரு புட்டியில் எடுத்து வையுங்கள்.